கட்சிப் பெயரை மூடிவிட்டுப் படியுங்கள்: நீதிபதி நியமனச் சர்ச்சையை அளக்க ஒரு தாள்

2025 ஜூலை 2ஆம் தேதி மலேசியாவில் நிரந்தரத் தலைமை நீதிபதி இல்லை. அதுவரை அந்தப் பதவியில் இருந்த தெங்கு மைமுன் துவான் மாட் அதற்கு முந்தைய நாளே ஓய்வு பெற்றுவிட்டார், பதவி நீட்டிப்பும் வரவில்லை. ஜூலை 14இல் வழக்கறிஞர்கள் புத்ராஜெயாவில் நடைப்பயணம் போனார்கள். பிரதமர் அன்வார் இப்ராஹிமின் சொந்தக் கட்சியான பி.கே.ஆரில் ரஃபிஸி ரம்லி உட்பட ஒன்பது எம்.பி.க்கள் இந்த நியமன விவகாரத்துக்கு அரச விசாரணை ஆணையம் வேண்டும் என்றார்கள். ஜூலை 28இல் வான் அகமட் ஃபாரிட் வான் சாலே புதிய தலைமை நீதிபதியாக மாமன்னரிடம் நியமனக் கடிதம் பெற்றார். இடைப்பட்ட நான்கு வாரத்தில் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையிலும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களிலும் நடந்த வாக்குவாதத்தில் பெரும்பகுதி கொள்கையைப் பற்றியதல்ல. பிரதமர் 'நம்ம ஆளா' என்பதுதான் பேச்சு.

தான் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று ஒருவர் தாமே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு ஏ4 தாளும் ஒரு மாலை நேரமும் போதும். வாசகர் வட்டத்திலோ கோயில் இளைஞர் பிரிவிலோ செய்வதென்றால் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் யாரும் எழுத மாட்டார்கள், பேச்சு மட்டுமே மிஞ்சும்.

தாளைத் தயாரித்தல்

தாளைக் குறுக்காகத் திருப்பி ஐந்து கட்டங்கள் போடுங்கள். முதல் கட்டத்தில் நாள். இரண்டாவதில் யார் என்ன செய்தார். மூன்றாவதில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு. நான்காவதில் அன்று ஆட்சியில் இருந்தது யார். ஐந்தாவதில் 'அன்று நான் என்ன சொன்னேன்'. ஐந்தாவது கட்டம்தான் வலிக்கும். நினைவை நம்பாதீர்கள், பழைய முகநூல் பதிவுகளில் தேடுங்கள். எதுவும் சொல்லவில்லை என்றால் 'மௌனம்' என்று எழுதுங்கள். காலியாக விடுவது ஏமாற்று.

தாளின் தலையில் உங்கள் கொள்கையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதில் ஆள் பெயரோ கட்சிப் பெயரோ வரக்கூடாது. 'தெங்கு மைமுனுக்கு நீட்டிப்புக் கொடுத்திருக்க வேண்டும்' என்பது கோரிக்கைதான், கொள்கை அல்ல. 'திறமையான தலைமை நீதிபதிக்கு அரசியலமைப்பு அனுமதிக்கும் ஆறு மாத நீட்டிப்பை வழக்கமாகக் கொடுக்க வேண்டும்' என்றால் கொள்கை. இப்படி எழுதியதும் பாதிப் பேருக்குக் கை தயங்கும், ஏனென்றால் வேறொரு பெயர் உடனே நினைவுக்கு வரும். அந்தத் தயக்கத்தையும் ஓரத்தில் குறித்து வையுங்கள்.

முதலில் அடுத்த வீட்டுச் சண்டையில் பழகுங்கள்

நமக்குக் கட்சி இல்லாத இடத்தில் கண் தெளிவாகத் தெரியும். அதனால் முதல் இரண்டு வரிகளை அமெரிக்காவிலிருந்து நிரப்புங்கள்.

2016 பிப்ரவரி 13இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா இறந்தார். அதிபர் ஒபாமா மார்ச் 16இல் மெரிக் கார்லண்டை முன்மொழிந்தார். செனட்டில் பெரும்பான்மை வைத்திருந்த குடியரசுக் கட்சி, தேர்தல் ஆண்டு என்று சொல்லி விசாரணைக் கூட்டமே நடத்தவில்லை. 293 நாள் காத்திருந்து அந்த முன்மொழிவு காலாவதியானது. 2020 செப்டம்பர் 18இல் நீதிபதி கின்ஸ்பர்க் இறந்தார். தேர்தலுக்கு 46 நாள்தான் இருந்தது. அதே கட்சி ஏமி கோனி பேரட்டை அக்டோபர் 26இல் 52க்கு 48 என்ற வாக்கில் உறுதி செய்தது. தேர்தலுக்கு மீதி எட்டு நாள்.

இதைக் கேட்டதும் குடியரசுக் கட்சிமேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். இரண்டாவது வரி இருக்கிறது. கீழ் நீதிமன்ற நியமனங்களை முடக்க முடியாதபடி செனட்டில் 60 வாக்கு வேண்டும் என்ற தடையை 2013 நவம்பரில் தூக்கியது ஜனநாயகக் கட்சி. உச்ச நீதிமன்றத்துக்கும் அதையே 2017 ஏப்ரலில் செய்தது குடியரசுக் கட்சி. ஒவ்வொரு முறையும் எதிர்த்தரப்பு 'மரபு செத்தது' என்று ஒப்பாரி வைத்தது.

இங்கே கற்க வேண்டியது ஒரு நுட்பம். 2020இல் குடியரசுக் கட்சியினர் ஒரு விளக்கம் சொன்னார்கள்: 2016இல் அதிபர் ஒரு கட்சி, செனட் வேறு கட்சி, 2020இல் இரண்டும் ஒரே கட்சி, ஆகவே நிலைமை வேறு. வேறுபாடு உண்மையாகவே இருக்கலாம். கேட்க வேண்டியது, அந்த விதிவிலக்கு எப்போது பிறந்தது என்பது. 2016இலேயே அதைச் சேர்த்துச் சொன்னவர் எத்தனை பேர், 'மக்கள் முடிவு செய்யட்டும்' என்பதோடு நிறுத்திக்கொண்டவர் எத்தனை பேர்? தேவை வருவதற்கு முன்பே சொல்லப்பட்ட விதிவிலக்குக்கு மதிப்பு உண்டு. தேவை வந்த பிறகு முளைத்ததைச் சாக்கு என்று எழுதுங்கள். தாளில் நிரப்பும் ஒவ்வொரு வரிக்கும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள்.

நம் ஊர் நடைமுறை: யார் எந்தப் படியில் நிற்கிறார்

மலேசியாவில் பெரும்பாலான தப்பு இரண்டாம் கட்டத்தில்தான் நடக்கும். 'பிரதமர் போட்டுட்டார்', 'மாமன்னர் மறுத்துட்டார்', 'ஆணையம் கழித்துக்கட்டிட்டது' என்று வாய்க்கு வந்தபடி எழுதுவார்கள். நான்கு படிகளையும் பிரித்துப் பாருங்கள்.

முதல் படி நீதிபதிகள் நியமன ஆணையம். 2009ஆம் ஆண்டுச் சட்டம், சட்ட எண் 695. ஒன்பது உறுப்பினர்கள்: தலைமை நீதிபதி, மேல்முறையீட்டு நீதிமன்றத் தலைவர், மலாயா தலைமை நீதிபதி, சபா சரவாக் தலைமை நீதிபதி, பிரதமர் நியமிக்கும் ஒரு கூட்டரசு நீதிமன்ற (நாட்டின் உச்ச நீதிமன்ற) நீதிபதி, பிரதமர் நியமிக்கும் நான்கு பிரமுகர்கள். அந்த நால்வரைப் போடும் முன் வழக்கறிஞர் மன்றம் போன்ற அமைப்புகளிடம் பிரதமர் கருத்துக் கேட்க வேண்டும். எண்ணிப் பாருங்கள்: ஒன்பதில் ஐந்து பேர் பிரதமரின் கையெழுத்தில் உள்ளே வருகிறவர்கள். ஆணையம் முழுச் சுதந்திரமானது என்று யாராவது அடித்துச் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இரண்டாம் படி பிரதமர். ஆணையம் பெயர்களைப் பரிந்துரைக்கிறது. கூட்டரசு நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், உயர்பதவிகள் ஆகியவற்றுக்கு இன்னும் இரண்டு பெயர் தரச் சொல்லி அவர் கேட்கலாம். அது 27ஆம் பிரிவு. அரசியலமைப்பின் 122பி விதிப்படி மாமன்னருக்கு ஆலோசனை சொல்பவர் பிரதமர்தான். 695ஆம் சட்டம் அந்த விதியைத் திருத்தவில்லை, அதன் பக்கத்தில் நிற்கிறது. சர்ச்சையின் வேர் இங்கேதான்.

மூன்றாம் படி ஆட்சியாளர்கள் மாநாடு, அதாவது மாநில மன்னர்களின் அவை. அவர்களிடம் 'கலந்தாலோசிக்க' வேண்டும். ஒப்புதல் பெற வேண்டும் என்று விதி சொல்லவில்லை. மாநாட்டின் கருத்து பிரதமரைக் கட்டுப்படுத்தாது என்ற விளக்கம் 2000ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வந்தது. ஒரு நீதிபதி விலக வேண்டும் என்று அன்வார் இப்ராஹிம் தம் வழக்கில் கேட்டபோது கிடைத்த விளக்கம் அது! அன்று அவரைக் கட்டிப்போட்ட கயிறு இன்று அவர் கையில். நான்காவது கட்டத்தைக் கையால் மூடிக்கொண்டு இதை ஒருமுறை படித்துவிட்டு, பிறகு கையை எடுங்கள்.

நான்காம் படி மாமன்னர். பிரதமரின் ஆலோசனைப்படி நியமிக்கிறார். அவ்வளவுதான்.

ஓய்வு வயதைத் தனியாகக் குறியுங்கள். 125ஆம் விதி: 66 வயது, அதற்கு மேல் மாமன்னர் அனுமதித்தால் அதிகபட்சம் ஆறு மாதம். நீட்டிப்பு உரிமை அல்ல. ஆகவே 'தெங்கு மைமுனைப் பதவி நீக்கினார்கள்' என்று எழுதுவது பிழை. நீக்கம் வேறு, அதற்கு 125(3)இன் கீழ் நடுவர் மன்றம் அமைக்க வேண்டும். 1988இல் நீதித் துறைத் தலைவராக இருந்த துன் சாலே அபாசுக்கு நடந்தது நீக்கம். 2025இல் நடந்தது நீட்டிக்காமல் விட்டது. கோபம் ஒன்றாக இருக்கலாம், வினைச்சொல் வேறு. வினைச்சொல் தப்பானால் எதிரில் இருப்பவர் அதை மட்டும் பிடித்துக்கொண்டு உங்கள் முழு வாதத்தையும் தூக்கி எறிவார்.

ஒப்பிடத் தகுந்தவை, தகாதவை

இப்போது ஜோடி சேருங்கள். நல்ல ஜோடி கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் வாதம் பாதி முடிந்தது.

எல்லாரும் உடனே எடுக்கும் ஜோடி, நஜிப் பிரதமராக இருந்த 2017ஆம் ஆண்டின் தலைமை நீதிபதி ராவுஸ் ஷரிஃப். 'நஜிப் காலத்தில் ராவுஸ் நீட்டிப்பை எதிர்த்தீர்கள், 2025இல் நீட்டிப்பு இல்லை என்று அழுகிறீர்களே' என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஜோடி பொருந்தாது. ராவுஸுக்கு 66 வயதும் ஆறு மாதமும் முடிந்த பிறகு, 122(1ஏ) விதியின் கீழ் 'கூடுதல் நீதிபதி' என்று ஆக்கி, தலைமைப் பதவியில் இன்னும் மூன்றாண்டு தொடரச் செய்தார்கள். வழக்கறிஞர் மன்றம் எதிர்த்தது அதைத்தான். 2025இல் கேட்கப்பட்டது 125ஆம் விதியே அனுமதிக்கும் ஆறு மாதம். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது ஆப்பிளையும் டுரியானையும் ஒன்றாக நிறுப்பது போல. எடை வரும், அதற்கு அர்த்தம் இருக்காது.

பொருந்தும் ஜோடி வேறு. ஸாக்கி அஸ்மி, அன்று ஆண்ட மலாய்க் கட்சியான அம்னோவின் சட்ட ஆலோசகராக இருந்தவர். 2007இல் நேரே கூட்டரசு நீதிமன்ற நீதிபதியானார், 2008 அக்டோபரில் தலைமை நீதிபதி. வான் அகமட் ஃபாரிட் அம்னோவில் இருந்தவர், உள்துறைத் துணையமைச்சராகவும் இருந்தார். மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியாக இருந்தபோது தலைமை நீதிபதியாக்கப்பட்டார். 'கட்சிப் பின்னணி உள்ளவர் தலைமை நீதிபதியாகலாமா' என்ற கேள்வியை இருவருக்கும் ஒரே சொற்களில் கேளுங்கள். வேறுபாடும் உண்டு: பின்னவர் தலைமைக்கு வருமுன் உயர்நீதிமன்றத்திலும் அமர்ந்து தீர்ப்பு எழுதியவர். அது உங்கள் கொள்கைக்கு முக்கியமா? முக்கியம் என்றால் 2008இல் எதிர்த்ததற்கு நீங்கள் சொன்ன காரணம் கட்சியா, அனுபவமின்மையா? ஐந்தாம் கட்டத்தைப் பாருங்கள். அன்று 'கட்சிக்காரர்' என்று மட்டும் திட்டிவிட்டு இன்று அனுபவத்தை எடுத்து வைத்தால் அது பிறகு முளைத்த விதிவிலக்கு.

வழக்கறிஞர்களின் நடையும் ஜோடிதான். 2007 செப்டம்பரில், வழக்கறிஞர் லிங்கம் நீதிபதி நியமனம் பற்றித் தொலைபேசியில் பேரம் பேசுவதாகச் சொல்லப்பட்ட காணொளி வெளிவந்த பிறகு அவர்கள் புத்ராஜெயாவில் நடந்தார்கள். அந்தக் காணொளியை வெளியிட்டவர் அன்வார். அந்த விவகாரத்திலிருந்து 2008இல் அமர்ந்து விசாரித்த அரச விசாரணை ஆணையமும், அதைத் தொடர்ந்து நியமன ஆணையமும் வந்தன. 2025இல் அதே புத்ராஜெயாவில் நடை, பிரதமர் அன்வார். 2007இல் கைதட்டியவர் 2025இல் 'அரசியல் நாடகம்' என்றாரா? 2007இல் 'நாட்டைக் கெடுக்கிறார்கள்' என்றவர் 2025இல் 'நீதித் துறையைக் காப்போம்' என்றாரா? இரண்டு வகை மனிதரும் உங்கள் புலனக் குழுவில் இருப்பார்கள். ஒரே ஆளாகக்கூட இருக்கலாம்.

இன்னொரு குழி: அரசு வழக்கறிஞர் செய்ததை நீதிபதிமேல் ஏற்றுவது. 145(3) விதிப்படி வழக்குத் தொடர்வதும் நிறுத்துவதும் சட்டத்துறைத் தலைவரின் அதிகாரம். 2018 செப்டம்பரில், அன்றைய நிதியமைச்சர் லிம் குவான் எங்கின் பங்களா ஊழல் வழக்கு பினாங்கு உயர்நீதிமன்றத்தில் முடிந்தது அரசுத் தரப்பு பின்வாங்கியதால். 2023 செப்டம்பர் 4இல் துணைப் பிரதமரும் அம்னோ தலைவருமாக இருந்த சாஹிட் ஹமிடிமீதான 47 குற்றச்சாட்டுகள் நின்றதும் அரசுத் தரப்பு விண்ணப்பித்ததால்தான். முதலதில் கிடைத்தது விடுதலை. இரண்டாவதில் விடுதலைக்கு நிகராகாத விடுவிப்பு, அதாவது மீண்டும் வழக்குத் தொடர இடமுள்ளது. அந்த வேறுபாட்டைக் குறித்துவிட்டு, முதலதைப் பாராட்டியவர் இரண்டாவதைத் திட்டினாரா, முதலதைத் திட்டியவர் இரண்டாவதில் வாயை மூடிக்கொண்டாரா என்று நிரப்புங்கள். நீதிபதியின் பெயர் இரண்டு வரியிலும் வரத் தேவையில்லை.

மனித உரிமை: வாக்குப் பதிவு பொய் சொல்லாது

பேச்சை விட்டுவிட்டு வாக்கைப் பாருங்கள். ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எண் உண்டு, நாடு வாரியாக ஆதரவு, எதிர்ப்பு, வாக்களிக்காமை என்ற பட்டியல் உண்டு. செய்தித் தலைப்பை வைத்துக்கொண்டு தாளை நிரப்பாதீர்கள், அந்தப் பட்டியலை எடுங்கள்.

நமக்கு நெருக்கமான மூன்று வரிகள். 2009 மே 27, இலங்கை பற்றிய சிறப்புக் கூட்டம். கொழும்புக்குச் சாதகமான தீர்மானம் 29 ஆதரவு, 12 எதிர்ப்பு, 6 வாக்களிக்காமை என்று நிறைவேறியது. மலேசியா ஆதரவு, இந்தியாவும் ஆதரவு. 2022 அக்டோபர் 6, இலங்கை பற்றிய 51/1 தீர்மானம். 20 ஆதரவு, 7 எதிர்ப்பு, 20 வாக்களிக்காமை. மலேசியா வாக்களிக்கவில்லை. அதே நாள், சின்ஜியாங் உய்குர் மக்கள் நிலையை விவாதிக்கலாமா என்ற முன்மொழிவு 17க்கு 19 என்று தோற்றது. 11 நாடுகள் வாக்களிக்கவில்லை, மலேசியா அதிலும் ஒன்று.

காஸாவுக்காக உரக்கப் பேசும் நாடு உய்குருக்கு ஏன் மௌனம் என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அதே கேள்வி நம்மையும் திரும்பிப் பார்க்கும். முள்ளிவாய்க்காலுக்கு நாம் கேட்ட நீதியை ரோஹிங்யா அகதிக்குக் கேட்டோமா? செலாயாங் சந்தைப் பக்கம் அவர்களைப் பற்றி நம் ஆட்கள் பேசும் பேச்சை ஐந்தாம் கட்டத்தில் எழுதத் துணிச்சல் வேண்டும். வாக்களிக்காமையை 'எதிர்ப்பு' என்று எழுதாதீர்கள், அது தனிப் பத்தி. கையெழுத்திடாத ஒப்பந்தத்தை 'மீறியது' என்றும் எழுதாதீர்கள். 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா இல்லை. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் பற்றிய மூன்று ஒப்பந்தங்களில் இருக்கிறது. ஆகவே அகதிக் குழந்தையைப் பற்றி எழுதும்போது குழந்தைகள் ஒப்பந்தத்தைப் பிடிப்பதுதான் வலுவான வழி.

உள்நாட்டு வரிக்கு சொஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றச் சட்டத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. 2007 டிசம்பரில் இந்தியர் உரிமைக்காகப் போராடிய ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டபோது எதிர்க்கட்சிகள் கொதித்தன. 2012இல் அம்னோ தலைமையிலான ஆளும் கூட்டணி பாரிசான் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு சொஸ்மாவைக் கொண்டுவந்தது. காவல்துறை 28 நாள் வரை வைத்திருக்கலாம், பிணைக்குக் கடும் தடை. அதன் கொடிய பிரிவுகளை நீக்குவோம் என்று அன்றைய எதிர்க்கட்சிக் கூட்டணி பக்காத்தான் 2018 தேர்தல் அறிக்கையில் சொன்னது. 2019 அக்டோபரில் பக்காத்தான் ஆட்சியில், விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லி 12 பேரை, அந்தக் கூட்டணியிலேயே இருந்த ஜ.செ.க. (ஜனநாயக செயல் கட்சி) சட்டமன்ற உறுப்பினர் இருவர் உட்பட, அதே சட்டத்தில் பிடித்தார்கள். நவம்பர் 29இல் உயர்நீதிமன்றம் பிணை மறுக்கும் 13ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்றது. 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார். ஆறு வரி, இரண்டு ஆட்சி. 2019இல் 'நம்ம பையன்களை விடு' என்று கேட்டவர், சொஸ்மாவில் அடைபட்ட வேறு இனத்தவருக்காகவும் கேட்டாரா என்பது இந்தத் தாளின் மிகக் கடினமான பெட்டி.

வெளியிடும் முன்

இதைக் குழுவில் போடுவதாக இருந்தால் நிதானம். தீர்ப்பின் காரணத்தை விமர்சிக்கலாம். 'நீதிபதி விலை போனார்' என்று ஆதாரமின்றி எழுதினால் நீதிமன்ற அவமதிப்பு வரும். 2021 பிப்ரவரியில் வாசகர் கருத்துகளுக்காக மலேசியாகினி செய்தித் தளத்துக்குக் கூட்டரசு நீதிமன்றம் ஐந்து லட்சம் ரிங்கிட் அபராதம் போட்டது. எழுதியது நிறுவனம் அல்ல, வாசகர்கள். 1950 சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு, தளத்தை நடத்துபவரே வெளியிட்டார் என்று அனுமானிக்கிறது. இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. குழு நிர்வாகியாக இருப்பவர் இதைத் தெரிந்துகொண்டு தூங்கப் போவது நல்லது.

எம்.பி.க்கு எழுதலாம், ஆனால் எதைக் கேட்கிறீர்கள் என்று பாருங்கள். 127ஆம் விதிப்படி ஒரு நீதிபதியின் நடத்தையை மக்களவையில் விவாதிக்க உறுப்பினரில் கால்வாசிப் பேர் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். 222இல் 56 பேர். பினாங்கு சட்டமன்றத்தில் அதைப் பேசவே முடியாது, எந்த மாநிலச் சட்டமன்றத்திலும் முடியாது. ஆகவே ஒரு நீதிபதியைப் பற்றிக் கேட்காமல் நியமன நடைமுறையைப் பற்றிக் கேளுங்கள்: 27ஆம் பிரிவின் கீழ் கூடுதல் பெயர் எத்தனை முறை கேட்கப்பட்டது, காலியிடம் எத்தனை நாள் நிரப்பப்படாமல் கிடந்தது. மலாயில் ஒரு பக்கம், கேள்வி இரண்டுக்கு மேல் வேண்டாம்.

உரிமை மீறல் புகார் என்றால் சுஹாகாம், அதாவது மலேசிய மனித உரிமை ஆணையம். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவைப் படித்துவிட்டுப் போங்கள்: நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் அல்லது தீர்ந்துபோன விவகாரத்தை அது விசாரிக்காது. விசாரணை நடுவில் வழக்குப் போட்டாலும் நிறுத்திவிடும். புகாரையும் வழக்கையும் ஒரே வாரத்தில் பதிவு செய்துவிட்டு 'சுஹாகாம் கைவிட்டது' என்று சொல்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். எது முதலில் என்று வழக்கறிஞரிடம் கேட்டு முடிவெடுங்கள், புகாரின் நகலில் ஏற்பு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.